சென்னையைக் கட்டுகிறவர்களுக்குச் சாதி இல்லையா?

2023 ஜூன் 2ஆம் தேதி மாலை ஒடிசாவின் பாலசோர் அருகே கோரமண்டல் விரைவு ரயில் விபத்துக்குள்ளானது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஷாலிமாரில் கிளம்பி சென்னை சென்ட்ரலுக்கு வந்து சேரவேண்டிய வண்டி அது. தமிழ்நாடு அரசு உடனே உதவி எண்களை அறிவித்தது. அமைச்சர்கள் ஒடிசாவுக்குப் பறந்தார்கள். "வண்டியில் தமிழர்கள் எத்தனை பேர்?" என்பதுதான் இரவு முழுக்க நம் தொலைக்காட்சிகளின் கேள்வியாக இருந்தது. முன்பதிவுப் பட்டியலை வைத்து ஓரளவு விடை சொல்ல முடிந்தது. தமிழர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் இங்கே பரபரப்பு அடங்கிவிட்டது.

முன்பதிவு இல்லாத பெட்டிகளில் வந்தவர்களுக்குப் பட்டியல் எதுவும் கிடையாது. அவர்களில் பலர் சென்னைக்கும் கேரளத்துக்கும் வேலைக்கு வந்துகொண்டிருந்த இளைஞர்கள். நான்கு மாதங்கள் புவனேஸ்வர் எய்ம்ஸில் வைக்கப்பட்டிருந்த 28 உடல்கள், யார் என்று அடையாளம் காணப்படாமலேயே அக்டோபரில் எரியூட்டப்பட்டன. அந்த 28 பேரும் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்த வண்டியின் அந்தப் பெட்டிகள் ஆண்டு முழுவதும் யாரைச் சுமந்து வருகின்றன என்பது சென்ட்ரல் வாசலில் ஒரு காலைப்பொழுது நின்றவர்களுக்குத் தெரியும். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, கூட்டத்துக்கு முன்னால் செல்போனில் பேசியபடி நடக்கும் ஒரு மேஸ்திரி.

இந்த நகரத்தின் பொருளாதாரத்தை இவர்கள் இல்லாமல் இன்று யாரும் எழுத முடியாது. சுமார் 119 கிலோமீட்டருக்கு, 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நடக்கும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியில் மண்ணுக்கடியில் இருப்பவர்கள் இவர்கள்தான். பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகள், ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளின் ஒப்பந்தப் பிரிவுகள், உணவக சமையற்கட்டுகள், பாத்திரம் கழுவும் தொட்டிகள் என எங்கும் இவர்கள். தமிழ்நாடு அரசு 2015இல் எடுத்த கணக்கிலேயே மாநிலத்தில் புலம்பெயர் தொழிலாளர்கள் 10 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பங்கு சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில். பத்தாண்டுக்கு முந்தைய கணக்கு இது.

"குறைந்த கூலிக்கு வருகிறார்கள், அதனால் முதலாளிகளுக்கு லாபம்" என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். ஏன் குறைந்த கூலிக்கு வர முடிகிறது என்று கேட்பதில்லை. ஒரு மனிதர் வேலை செய்யும் வயதை அடையப் பதினெட்டு ஆண்டுகள் யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். அந்தச் செலவு பலாங்கீரிலோ கயாவிலோ ஒரு தாய் பார்த்த கூலி வேலையில் இருந்து போனது. அவருக்குத் திருமணமானால் மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமோ, மனைவிக்குப் பிரசவ மருத்துவமனையோ, அவர்கள் நால்வருக்கும் சேர்த்து ஒரு வீடோ சென்னை கட்டித்தர வேண்டியதில்லை. முதுகு ஒடிந்தாலும், நுரையீரலில் சிமெண்ட் தூசி ஏறினாலும், கண் மங்கினாலும் அதே ரயிலில் திருப்பி அனுப்பிவிடலாம். அதன்பிறகு அவரைப் பார்த்துக்கொள்வதும் அந்த ஊர்தான். ஒரு மனித வாழ்க்கையில் பதினெட்டு முதல் நாற்பது வரை உள்ள ஆண்டுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் உள்ள செலவை நாட்டின் ஆக ஏழையான மாவட்டங்களின் தலையில் கட்டுகிறது நகரம். இங்கே விற்கப்படும் அடுக்குமாடி வீட்டின் சதுர அடி விலைக்குள் பலாங்கீரின் பட்டினி ஒளிந்திருக்கிறது. ஏழை ஊர்கள் பணக்கார நகரத்துக்குத் தருகிற மானியம் இது. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இதற்கு ஒரு வரி கிடையாது.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திராவின் வடகோடி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் பலர், தமிழர்களும் உண்டு. மழைக்கு ஒதுங்கியும், கூலி வாங்கவும் கட்டடத்துக்குள் இருந்தவர்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததை நேரலையில் பார்த்தோம். செத்தவர்கள் யார், எந்தச் சமூகத்தவர், எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்வியை நேரலையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு மணலும் கம்பியும் பற்றியதோடு நின்றிருக்காது.

தமிழ்ப் பொதுப்புத்தியில் "வடக்கன்" என்று ஒரே ஒரு ஆள் இருக்கிறான். அவனுக்குச் சாதி கிடையாது, மதம் கிடையாது, ஊரும் கிடையாது. பான்பராக் வாய், இந்தி, ரயிலில் நம் இருக்கையில் உட்கார்ந்திருப்பவன், அவ்வளவுதான். கவனித்துப் பாருங்கள், சென்னைக்கு வடக்கிலிருந்து ஐஐடி பேராசிரியர்கள் வருகிறார்கள், வங்கி அதிகாரிகள் வருகிறார்கள், மென்பொருள் நிறுவன மேலாளர்கள் வருகிறார்கள். அவர்களை யாரும் அந்தச் சொல்லால் கூப்பிடுவதில்லை. கையில் கரண்டியும் சட்டியும் இருந்தால்தான் அந்தப் பெயர். 2022இல் உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்த ஒருவர் கோவையில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையில், இந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரி விற்கிறார்கள் என்று பேசினார். இந்தித் திணிப்பை எதிர்க்க நம்மிடம் எத்தனையோ நியாயங்கள் இருக்கின்றன. உழைத்துப் பிழைக்கிற ஒரு தொழிலைச் சொல்லி இன்னொருவரைக் கீழே இறக்கும் பழக்கம் மட்டும் பெரியாரிடமிருந்து வந்ததல்ல. அது எங்கிருந்து வந்தது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வருகிறவர்களுக்குச் சாதி இருக்கிறது. யார் எந்த வேலைக்கு வருகிறார்கள் என்பதை அந்தச் சாதி பெருமளவு தீர்மானித்திருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்ட செங்கல் சூளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் ஒவ்வொரு சுவரும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அங்கு கல் அறுப்பவர்களில் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களைச் சேர்ந்த தலித்துகளும் ஆதிவாசிகளும் அதிகம். சொந்த நிலம் இல்லாதவர்கள், அல்லது மழையை மட்டும் நம்பிய துண்டு நிலம் உள்ளவர்கள். நுவாக்காய் அறுவடைத் திருநாள் முடிந்ததும் சர்தார் எனப்படும் தரகர் வந்து முன்பணம் கொடுக்கிறார். தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. கணவன், மனைவி, வேலை செய்யக்கூடிய ஒரு பிள்ளை என்று ஒரு குடும்பக் கணக்கு. அந்தப் பணம் கழியும்வரை ஆறேழு மாதம் சூளையை விட்டு நகர முடியாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, அதில் வாராவாரம் சாப்பாட்டுக்கு மட்டும் கையில் காசு, மீதி கணக்கில். இந்தச் சூளைகளிலிருந்து கொத்தடிமைகள் மீட்கப்பட்ட செய்தி பலமுறை வந்திருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு வயது ஐம்பதாகிறது, அது 1976இல் வந்த சட்டம்.

பண்ணையாரிடம் பட்ட கடனுக்கு உழைத்த முறை நமக்குப் புதிதல்ல. தஞ்சையின் பண்ணையாள்களைப் பற்றிப் பேசி வளர்ந்த இயக்கங்கள் நம்முடையவை. அதே முறை இப்போது ரயில் ஏறி வருகிறது. பண்ணையார் இருந்த இடத்தில் சர்தார், அவருக்கு மேல் ஒப்பந்ததாரர், அவருக்கு மேல் ஒரு பெரிய நிறுவனம். மேலே போகப் போக யாருக்கும் எதுவும் தெரியாது.

இங்கே சட்டமே செய்கிற ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். பட்டியல் சாதி என்பது அரசியல் சாசனத்தின் 341ஆவது பிரிவுப்படி மாநிலவாரியாக அறிவிக்கப்படுவது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அவருக்கு அந்தத் தகுதி கிடைக்காது. 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் உள்ள சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவர், ஒன்பது வயதில் தந்தையின் வேலை காரணமாக பம்பாய் வந்தவர், அங்கே மருத்துவக் கல்லூரியில் பழங்குடி இடம் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டியல் ஒவ்வொரு மாநிலத்தின் சமூகச் சூழலைப் பொறுத்தது என்பது நீதிமன்றத்தின் வாதம். காகிதத்தில் அது தர்க்கமாகக்கூடத் தெரியும். ஆனால் ஒடிசாவின் ஒரு டோம் குடும்பம் சென்னைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும், மேஸ்திரி அவர்களுக்குக் கொடுப்பது கழிவறை வேலைதான் என்றால், சாதி அவர்களோடு வந்துவிட்டது என்றுதானே பொருள்? சாதி வந்துவிடுகிறது, அதற்கான பரிகாரம் மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. அவர்களின் மகள் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் பொதுப்பிரிவில் போட்டியிட வேண்டும். 1950க்குப் பிறகு திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குப் போன நம் தலித் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

ஒரு விதிவிலக்கும் நம் கண்முன்னே இருக்கிறது. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பட்டியலை எடுத்தால் அதில் முதல் பெயரே ஆதி ஆந்திரர். சென்னையின் தெருக்களைக் கூட்டவும் மலம் அள்ளவும் தெலுங்கு பேசும் தலித்துகளை இந்த நகரம் தலைமுறைகளுக்கு முன்பே கொண்டுவந்தது. இங்கே வேரூன்றிய அவர்கள் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். அவர்கள் நகரத்தின் பழைய புலம்பெயர் தொழிலாளர்கள், இன்று அவர்களைப் புலம்பெயர்ந்தவர்கள் என்று சொல்லவே நமக்குத் தோன்றாது. நேற்று வந்தவர்களுக்கு அந்த வழியை ஏன் திறக்கக் கூடாது? இடஒதுக்கீட்டு இடங்களைப் பங்கு போடும் பயம் நியாயமானது. உள்ளூர் தலித்துகளின் விகிதத்தில் கை வைக்காமல், கூடுதலாக ஒதுக்கி, பள்ளி உதவித்தொகையிலும் விடுதியிலும் தொடங்கலாம். இதற்காகக் குரல் கொடுக்க வேண்டிய இயக்கங்கள் நாம்தான். வேறு யாரும் கொடுக்கப் போவதில்லை.

இனி, "நம்ம ஆட்கள் வேலை போகிறதே" என்ற கேள்வி. அதை இனவெறி என்று சொல்லித் தள்ளிவிட மாட்டேன். வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் அந்தக் கேள்வியைக் கேட்கிற பையன் பாசிஸ்ட் அல்ல, வேலை இல்லாதவன். "தமிழன் சோம்பேறி, டாஸ்மாக்கில் கிடக்கிறான், அதனால்தான் வடநாட்டுக்காரர்களை எடுக்கிறோம்" என்று சில முதலாளிகள் சொல்வதில் எவ்வளவு சாதித் திமிர் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது கடுமையாக உழைக்கும் ஆள் மட்டுமல்ல. பக்கத்துத் தெருவில் மாமன் மச்சான் இல்லாத, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் காட்சி என்று விடுப்புக் கேட்காத, இரவு பத்து மணிக்கு எழுப்பினால் தகரக் கொட்டகையிலிருந்து எழுந்து வருகிற, காவல் நிலையத்தில் பேச மொழி தெரியாத ஆள் வேண்டும்.

இதே நகரம் தன் சொந்தத் தலித் உழைப்பாளிகளை என்ன செய்தது? கூவம், அடையாறு கரைகளிலிருந்து பிடுங்கி, 2000 முதல் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டியது. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இரண்டு பேருந்து மாறி வர முடியாமல் வேலையை இழந்தார்கள். முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்க மறுத்தார்கள், இன்றும் மறுக்கிறார்கள். அதே சாலையில், கூப்பிடு தூரத்தில், தகரக் கொட்டகைகளில் வடகிழக்கு மாநிலத்தவரும் ஒடியர்களும் பீகாரிகளும் தங்கி அடுக்குமாடிகளைக் கட்டுகிறார்கள். ஒரு கூட்டத்தை வேலையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்தாயிற்று, இன்னொரு கூட்டத்தை வீட்டிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்தாயிற்று. இந்த இரண்டையும் செய்த கை ஒன்றுதான். இதைப் பார்க்காமல் இரண்டு தலித்துகள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் இவர்களோடு நிற்கிறது? ஒடிசாவின் "தாதன்" தொழிலாளர்கள் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம். ஐந்து பேரைக் கூட்டி வந்தாலே ஒப்பந்ததாரர் பதிவு செய்ய வேண்டும், இடப்பெயர்வுப் படி கொடுக்க வேண்டும் என்றது. அதை யாரும் ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை. 2020இல் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஐந்தைப் பத்தாக்கியது, இடப்பெயர்வுப் படியை எடுத்துவிட்டது. தானாக வேலை தேடி வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளியாக ஏற்றது ஒன்றுதான் அதில் நல்லது. இந்தச் சட்டம் நிறைவேறிய அதே செப்டம்பரில்தான், ஊரடங்கில் நடந்தே செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டபோது, அப்படி ஒரு தரவு இல்லை என்று ஒன்றிய அரசு எழுத்துமூலம் பதில் சொன்னது. பாலசோரின் பெயரில்லாத உடல்களுக்கு அது ஒரு முன்னோட்டம்.

வாக்குரிமையில் நம் பக்கத்துக் கட்சிகளும் சேர்ந்தே தவறு செய்கின்றன என்பது என் கருத்து. 2025இல் பீகாரில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் சுமார் 36 லட்சம் பேர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் அல்லது கண்டறியப்படாதவர்கள் என்றது தேர்தல் ஆணையம். அந்தத் திருத்தத்தை எதிர்த்தது சரி. ஆனால் அதே மூச்சில், அவர்களை இங்கே வாக்காளர்களாகச் சேர்த்தால் தமிழ்நாட்டின் அரசியலே மாறிவிடும் என்று ஒரு கூச்சலும் எழுந்தது. அங்கே நீ இடம்பெயர்ந்துவிட்டாய் என்கிறார்கள், இங்கே நீ வந்தேறி என்கிறார்கள். அப்படியானால் அந்த மனிதர் எங்கே போய் வாக்களிப்பது? அவர்கள் பாஜகவுக்கு வாக்களிப்பார்கள் என்பது நம் அச்சம். அச்சத்தில் உண்மை இருக்கலாம். சேரிக்கு வாக்குரிமை கொடுத்தால் பண்ணையார் சொல்கிறவருக்குத்தான் போடுவார்கள் என்று ஒருகாலத்தில் சொன்னதும் இதே தொனியில்தான். இங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவரிடம் போய்ப் பேசி அவர் வாக்கைக் கேட்பது அரசியல் இயக்கத்தின் வேலை. அவர் ஒரு வார்டு உறுப்பினருக்கு வாக்காளராக ஆன நாளில்தான் அந்தத் தகரக் கொட்டகைக்குத் தண்ணீர் லாரி வரும்.

வரலாற்றில் ஒரு பக்கத்தை இளைய தோழர்கள் திரும்பப் படிக்க வேண்டும். 1918இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் பகுதியில் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1921இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் அது இரண்டாகக் கிழிந்தது. புளியந்தோப்பின் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. சங்கத்தின் தலைமையில் அவர்கள் இல்லை, வேலை நின்றால் அடுத்த வேளைக்கு நிலமோ சேமிப்போ இல்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றாத சாதி இந்துத் தொழிலாளர்களுக்கு, "கருங்காலி" என்று கூப்பிட மட்டும் தோன்றியது. நிர்வாகம் இந்தப் பிளவை வளர்த்தது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. எம்.சி. ராஜா தன் மக்கள் பக்கம் நின்றார். வேலைநிறுத்தம் தோற்றது. சாதி உழைப்பாளிகளையே தரம் பிரித்து அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே சென்னை அதைத் தெருவில் பார்த்துவிட்டது.

அதே புளியந்தோப்பு அடங்கிய திரு.வி.க. நகர் மண்டலத்திலும் இராயபுரத்திலும் தூய்மைப் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களைத் தூக்கிச் சென்றது. நாளை அந்த ஒப்பந்ததாரர் இன்னும் குறைந்த கூலிக்கு ஆள் தேடினால் எந்த ரயிலுக்காகக் காத்திருப்பார் என்று யூகிக்கக் கடினமில்லை. அப்போது அந்த ரயிலில் இறங்குகிற பெண்ணைப் பார்த்து நாம் "கருங்காலி" என்போமா, இல்லை சென்ட்ரல் வாசலிலேயே அவர் மொழியில் ஒரு துண்டறிக்கையோடு நிற்போமா?

அதற்கான வேலைகள் சிறியவை, இன்றே தொடங்கக்கூடியவை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் சேர, கடந்த 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். மேஸ்திரி அதைத் தரமாட்டார், சங்கம் தர முடியும். ஒவ்வொரு கட்டடத்தின் செலவிலும் ஒரு சதவீதம் நலநிதியாக வசூலாகிறது, அதில் கல் சுமக்கிறவரின் பங்கும் இருக்கிறது. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் உள்ள ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அவர் இங்கேயே அரிசி வாங்கலாம். கடைக்காரர் விரட்டினால் கூடப் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஒரு தோழர் ஒவ்வொரு பகுதிக் கிளைக்கும் வேண்டும். கிடைக்கவில்லை என்றால், அந்தக் கொட்டகையிலேயே தமிழ் கற்றுக்கொண்ட ஒரு பையன் கட்டாயம் இருப்பான். முதலில் அவனை உறுப்பினராக்குங்கள்.